காலத்தின் நிறைவும் இரட்சகர் பிறப்பும்



மார்கழி 25ஆந் திகதி நத்தார்ப் பண்டிகை கொண்டாடப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். எனினும் இயேசுநாதர் பிறந்த நாள் இதுவென்று விவிலிய நூலின் எந்தப் பகுதியிலும் எழுதப்படவில்லை. உரோமாபுரித் திருச்சபையார் அந்நாளைக் கொண்டாடினர் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று கி. பி. 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபையார் தை 6ஆந் திகதியையே அதற்குரிய நாளாகக் கொண்டுள்ளனர்.

நாளில் மாத்திரமன்று, ஆண்டிலும் இத்தகைய தெளிவின்மை உண்டு. கிறிஸ்துவின் பிறப்பை முதலாகக் கொண்டு ஆண்டுகளை எண்ணும் முறையை வகுத்தவர் தியொனீசியுஸ் என்னும் துறவி. கி. பி. 525இல் உயிர்த்த ஞாயிற்றைக் கணிப்பதற்கான அட்டவணையொன்றை ஆக்கியபோது அவர் இம்முறையைக் கையாண்டார். ஆனால் ஏரோது அரசன் காலத்திலே இயேசு பிறந்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அந்த ஏரோது இறந்ததோ கி. மு. 4ஆம் ஆண்டில் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கொண்ட முடிபு. ஆகவே கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் என்று சொல்ல வேண்டியவர்களாகிறோம். வகுப்பிலே இதனைச் சொல்லும்போதெல்லாம் மாணாக்கர் நகைப்பர், நகைக்கத்தக்கதே. லூக்கா குறிப்பிடும் குடிமதிப்பும் ஒரு சிக்கலே. சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாயிருந்து குடிமதிப்பு எடுத்தது கி. பி. 6ஆம் ஆண்டில் என்று யூத வரலாற்றாசிரியராகிய யோசேபஸின் நூலால் அறிகிறோம். ஏரோது இறந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது அது. இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட முயன்றோர் பலர். எனக்குத் திருப்தி தந்த விளக்கம் ஒன்றையும் நான் இதுவரை கண்டிலேன்.

தக்க வேளையிலே இரட்சகர் வந்தார் என்று போதிக்கும் ஒரு சமயம், அந்த வேளை எதுவெனத் திட்டமாகச் சொல்ல இயலாதிருப்பது விந்தையாகத் தோன்றலாம். தேவன் குறித்த வேளை என்பதற்கு நாட்காட்டியிலே குறித்த ஒரு திகதி என்று பொருள் கொள்வோமாயின் அது விந்தையே. ஆனால் கிறிஸ்தவர்கள் முதன்முதலில் அதனை அவ்வாறு பொருள் கொண்டார்களா என்பதுதான் இன்று நாம் ஆராய வேண்டியது.

இரட்சகர் பிறப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு நற்செய்தி நூல்களில் இல்லை. அவை எழுதப்படுவதற்கு முன்னரே, கி. பி. 50ஐ அடுத்த ஆண்டுகளில், பவுல் அப்போஸ்தலர் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் நான்காம் அதிகாரத்திலே, காலம் நிறைவெய்திய வேளையில் தேவன் தம் குமாரனை அனுப்பினார், அவர் ஒரு பெண்ணிடத்திலே பிறந்தார் என்னுங் கருத்தைச் சுருக்கமாக வைக்கிறார். அங்கே பெத்லகேம் இல்லை, விண்மீன் இல்லை, மேய்ப்பர்கள் இல்லை, அந்தப் பெண்ணின் பெயர்தானும் இல்லை. காலத்தின் நிறைவும் ஒரு தாயும் மாத்திரமே உள்ளன.

கிரேக்க மொழியிலே காலத்தைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஓடிக் கழிகின்ற காலத்தைக் குறோனொஸ் என்பர். வாய்த்த தருணத்தைக் கைரொஸ் என்பர். நத்தார்க் காலப் பிரசங்கங்களிலே, பவுல் இங்கு கைரொஸ் என்னும் தருணத்தையே பேசுகிறார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மூலத்தில் உள்ளது அச்சொல் அன்று. ஓடிக் கழியும் காலத்தையே, நாளும் திங்களும் ஆண்டுமாகச் செல்கின்ற அந்தக் காலத்தையே, அவர் நிறைவெய்தியதாகச் சொல்கிறார். பாத்திரமொன்று துளித்துளியாக நிரம்புவதுபோலக் காலம் நிரம்பிற்று என்பது அச்சொல்லின் உட்கிடை.

இந்தக் கருத்தை உணர்வதற்குத் தமிழர்களாகிய நமக்குப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளைப் பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணை நாம் நிறைமாதக் கர்ப்பிணி என்கிறோம். மாதம் நிறைவது என்றால் என்னவென்று நம் வீட்டுப் பாட்டிமார் அறிவார்கள். அது மணிக்கூட்டைப் பார்த்து நிகழ்வதன்று. மருத்துவிச்சி குறித்த நாளுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். ஆனால் வெறும் தற்செயலும் அன்று. ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தமையாலேயே அந்த நாள் வருகிறது. பவுலும் இவ்வாறே எண்ணினார் எனக் கொள்வதற்கு ஆதாரம் உண்டு. அதே அதிகாரத்திலே பதினைந்து வசனம் தாண்டியவுடன், கலாத்தியரின் பொருட்டுத் தாம் பிரசவ வேதனைப்படுவதாக அவர் தம்மையே ஒரு தாயாக உவமித்துப் பேசுகிறார். பெத்லகேமிலே மரியாளுக்குப் பேறுகாலம் வந்ததைச் சொல்லுமிடத்து லூக்காவும், நாட்கள் நிரம்பின என்னும் பொருள்பட, அச்சொல்லுக்கு உறவான வினையொன்றையே பயன்படுத்துகிறார்.

இனி, காலம் எவ்வகையில் நிறைந்திருந்தது என்னும் வினாவுக்குத் திருச்சபையில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விடை ஒன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டிலே ஓரிகன் என்னும் அறிஞரும், அவருக்குப் பின் எவுசேபியுஸ் என்னும் வரலாற்றாசிரியரும் அதனை எடுத்துரைத்தனர். கி. மு. 31இல் அக்தியம் என்னுமிடத்தில் நடந்த கடற்போரிலே வென்ற ஒக்தேவியன், கி. மு. 27இல் அகுஸ்து என்னும் பட்டம் பெற்று மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கெல்லாம் ஒரே தலைவனானான். அதற்கு முன்னரே, கி. மு. 67இல், பொம்பேயு என்னும் தளபதி கடற்கொள்ளைக்காரரை ஒடுக்கியிருந்தான். நாடுகளிடையே போர் ஓய்ந்தது. கல் பாவிய பெருந்தெருக்கள் மாகாணத்தோடு மாகாணத்தை இணைத்தன. அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின்னர் கிழக்கு நாடுகளெங்கும் பொதுக் கிரேக்கம் பரவியிருந்தது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் தொடங்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பினால் எபிரேய வேதநூல் அம்மொழியிற் கிடைத்தது. துறைமுகப் பட்டினங்கள் பலவற்றிலும் யூதருடைய செபக்கூடங்கள் இருந்தன. ஊர் ஊராய்ச் சென்று, முதலிலே செபக்கூடத்திற் புகுந்து, கிரேக்க மொழியிலே பேசி, அடுத்த கப்பலில் அடுத்த துறைக்குப் போகப் பவுலுக்கு இயன்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் பிறந்திருந்தால் இஃது இயன்றிராது என்பது அவ்விடையின் சாரம்.

இதில் உண்மை உண்டு. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் நானும் இதனை மறுக்கமாட்டேன். ஆயினும் இவ்வளவில் நிறுத்திவிட்டால், தேவகுமாரன் உரோமச் சக்கரவர்த்தியின் தெருவுக்காகக் காத்திருந்தார் என்று சொன்னதாக முடியும். அதிலே ஏதோ ஒன்று சறுக்குகிறது. ஏனெனில், காலம் நிறைந்தது, இரட்சகர் பிறந்தார் என்று அந்நாளிலே முதலிற் பறைசாற்றியவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், அகுஸ்துவின் அலுவலரே.

சிறிய ஆசியாவிலே பிரியேனே என்னும் பழைய ஊரிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று இதற்குச் சான்று. கி. மு. 9ஆம் ஆண்டளவில் ஆசிய மாகாணத்தார் தம் நாட்காட்டியைத் திருத்தி, அகுஸ்து பிறந்த புரட்டாதி 23ஆம் நாளே ஆண்டின் முதல்நாளாகும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். மாகாணத் தேசாதிபதியின் யோசனை அது. அக்கல்வெட்டிலே அகுஸ்து இரட்சகன் எனப்படுகிறான். போரை நிறுத்தியவன் எனப்படுகிறான். அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கமாயிற்று எனப்படுகிறது. நற்செய்தி என்பதற்கு அங்கே பொறித்துள்ள கிரேக்கச் சொல், பின்னர் மாற்கு தம் நூலின் முதலடியிலே வைத்த அதே சொல்தான். அங்குப் பன்மை, இங்கு ஒருமை என்பதே வேறுபாடு. இவையெல்லாம் கல்லிற் பொறிக்கப்பட்டது பெத்லகேமிலே குழந்தை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர் என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

கலாத்தியாவின் நிலையோ இன்னும் நெருக்கமானது. அகுஸ்து தன் செயல்களைத் தானே எழுதி வைத்த அறிக்கை உரோமாபுரியிலே வெண்கலத் தூண்களிற் பொறிக்கப்பட்டது. அத்தூண்கள் அழிந்துபோயின. அந்த அறிக்கையின் படிகள் கலாத்தியா மாகாணத்தைச் சேர்ந்த மூன்று ஊர்களிலே கிடைத்துள்ளன. மாகாணத் தலைநகராயிருந்த அங்கிராவிலே, அதாவது இன்றைய அங்காராவிலே, கோயிற் சுவரில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் அஃது இன்னும் நிற்கிறது. பவுல் பிரசங்கித்த பிசீதியா நாட்டு அந்தியோகியா மற்றோர் ஊர். உரோமாபுரி தோன்றிய காலந்தொட்டுத் தனக்கு முன் இரண்டே முறை அடைக்கப்பட்ட யானுஸ் கோயிற் கதவுகள், தன் ஆட்சியில் மும்முறை அடைக்கப்பட்டன என்று அதிலே அகுஸ்து பெருமை பேசுகிறான். போரற்ற காலத்தில் மாத்திரமே அடைக்கப்படும் கதவுகள் அவை. பவுலின் கடிதம் கலாத்தியாவின் வடபகுதியாருக்கா தென்பகுதியாருக்கா எழுதப்பட்டது என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். எவ்வாறாயினும், கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்கள் சக்கரவர்த்தியின் சமாதானத்தைச் சுவரெழுத்திலே தினந்தோறுங் காணும் ஒரு நாட்டவர். அவர்களிடத்திலேதான், காலம் நிறைந்தது அரண்மனையிலன்று, பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணின் வயிற்றிலே என்று பவுல் எழுதினார்.

அந்தச் சமாதானத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். கி. மு. 4இல் ஏரோது இறந்தபின் யூதேயாவிலும் கலிலேயாவிலும் கலகங்கள் எழுந்தன. சீரியாவிலிருந்து வாருஸ் என்னும் தேசாதிபதி படையோடு வந்து அடக்கினான். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அவன் சிலுவையில் அறைந்தான் என்று யோசேபஸ் எழுதுகிறார். செப்போரிஸ் என்னும் நகரம் தீயிடப்பட்டு, அதன் குடிகள் அடிமைகளாக்கப்பட்டனர் என்றும் அவரே எழுதுகிறார். அந்நகரம் நாசரேத்திலிருந்து ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்தால் அடையக்கூடிய தூரத்தில் இருந்தது. இயேசு கைக்குழந்தையாயிருந்த காலத்தை ஒட்டிய செய்தி இது. கி. பி. 6இல் எடுத்த குடிமதிப்போ, கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் தலைமையிலே இன்னுமொரு கலகத்தை மூட்டிற்று. பவுலைக் கொரிந்துவுக்குக் கொண்டுசென்ற அதே பெருந்தெருக்களே படைகளையும் கொண்டுசென்றன. இரட்சகரைக் கொன்ற சிலுவையும் அந்தச் சமாதானத்தின் கருவிகளுள் ஒன்றே.

ஆகவே, உலகம் நன்னிலையை அடைந்துவிட்டது, ஆதலால் தேவன் வந்தார் என்று கூறுவதற்கு நற்செய்தி நூல்களிலே இடமில்லை. தெருவும் மொழியும் பயன்பட்டன. அவை காரணம் அல்ல.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. கிறிஸ்தவத்தின் பகைவர்கள் இதனைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டனர். இரண்டாம் நூற்றாண்டிலே செல்சுஸ் என்னும் தத்துவவாதி கேட்டான். மூன்றாம் நூற்றாண்டிலே போர்பிரி கேட்டான். மனிதரை மீட்பது தேவனுடைய விருப்பமாயின், இத்தனை ஊழிகள் கழியும்வரை அவர் ஏன் வாளாவிருந்தார்? முன்னே பிறந்து இறந்த கோடிக்கணக்கானோர் செய்த பிழை யாது? வகுப்பறையிற் பதினைந்து வயதுப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்கவும் வேண்டும்.

திருச்சபைப் பிதாக்கள் பலவாறு விடை கூறினர். நிசாவூர்க் கிரகோரியார் மருத்துவனை உவமை காட்டுகிறார். உள்ளே மறைந்திருக்கும் நோய் முழுவதும் வெளிப்பட்ட பின்னரே மருத்துவன் மருந்திடுவான்; அவ்வாறே மனிதருடைய தீமையின் வகைகள் அனைத்தும் வெளிப்படும்வரை தேவன் பொறுத்தார் என்பது அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவினாஸ், மனிதன் தன் பலவீனத்தைத் தானே உணர்தற்குக் காலம் வேண்டியிருந்தது என்றும், உலக முடிவுவரை தாமதித்திருந்தால் நம்பிக்கை குளிர்ந்து போயிருக்கும் என்றும் தருக்கமுறையில் விளக்கினார். இவை அறிவுக்கு ஒருவாறு பொருந்தும். ஆயினும் மருத்துவன் காத்திருந்தபோது இறந்துபோன நோயாளியின் தாய்க்கு அந்த உவமை ஆறுதல் தருமோ என்பது ஐயமே.

அப்படிப்பட்ட தாய்மார் நத்தார்க் கதையிலேயே இருக்கிறார்கள். ஏரோது பெத்லகேமிலே இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகளைக் கொல்வித்தான் என்று மத்தேயு எழுதுகிறார். இரட்சகர் வந்த ஊர் அது. வந்த காலம் அது. அந்தத் தாய்மாருக்குக் காலம் நிறைந்ததாகத் தோன்றியிருக்குமா? இந்தப் பகுதியை மத்தேயு எழுதாது விட்டிருக்கலாம், விடவில்லை. மேலைத் திருச்சபையும் அக்குழந்தைகளுக்கென்று மார்கழி 28ஆந் திகதியை ஒதுக்கி வைத்திருக்கிறது. பண்டிகைப் பலகாரம் முடியுமுன்னே, மூன்றாம் நாளிலே, அந்த ஒப்பாரி வந்துவிடுகிறது. இதற்குச் சமாதானஞ் சொல்ல எவரும் முயலாததே நல்லது.

முற்காலத்தாரைப் பற்றிய கேள்விக்கோ, தருக்கத்தினும் ஆழமான விடை வழிபாட்டிலே இருக்கிறதென்பது என் எண்ணம். இயேசு மரித்தோர் உலகிற்கு இறங்கினார் என்பது அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் ஓர் உறுப்பு. கீழைத் திருச்சபையார் உயிர்த்தெழுதலைச் சித்திரிக்கும்போது, வெறுங் கல்லறையை எழுதுவதைப் பார்க்கிலும், பாதாளத்தின் கதவுகளை மிதித்து நின்று ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டிற் பிடித்துத் தூக்கும் கிறிஸ்துவையே பெரிதும் எழுதுவர். அவ்வோவியத்தின் பொருள் வெளிப்படை: பிந்தி வந்தவர் முந்தியவர்களைத் தேடிப் பின்னோக்கிப் போனார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நூலிலும் இதனைச் சார்ந்த கருத்தொன்று உண்டு. பழைய விசுவாசிகளைப் பெயர் பெயராய்ச் சொல்லி, அவர்கள் ஒருவரும் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தனர் என்றும், நம்மை விட்டு அவர்கள் தனியே நிறைவெய்துவது தேவனுடைய எண்ணமன்று என்றும் அந்நூல் கூறுகிறது. முன்னே போனவர்களும் பின்னே வருபவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றல்லவா இதனாற் பெறப்படுகிறது? நிறைவு என்பது ஒரு நாளில் முடிந்துபோனதன்று என்று அக்காலக் கிறிஸ்தவர்கள் எண்ணினர் போலும்.

காலத்தை ஆக்கியவரே காலத்துக்கு உட்பட்டார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவிலுள்ள செய்தி. இதனை லூக்கா தருக்கமாகச் சொல்லவில்லை, நாட்கணக்காகச் சொல்கிறார். முதலில் நாசரேத்திலே ஒரு பெண் சம்மதிக்க வேண்டியிருந்தது. தூதன் சொல்லி முடித்தபின் அவள் இசைவு தரும்வரை உள்ள அந்தச் சிறு இடைவெளியிலே விண்ணுலகம் முழுவதும் மூச்சடக்கி நின்றது என்னுங் கருத்திலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி பெர்னார்து பிரசங்கித்திருக்கிறார். அதன்பின் கருவிலிருந்த மாதங்கள். அந்த மாதங்களுள் ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. எட்டாம் நாளிலே விருத்தசேதனம். மோசேயின் பிரமாணப்படி, ஆண்குழந்தையைப் பெற்றவளின் சுத்திகரிப்பு நாற்பது நாட்களில் முடிகிறது. அது முடிந்ததும் எருசலேம் தேவாலயம். செலுத்திய காணிக்கையோ, ஆட்டுக்குட்டிக்கு வகையற்றவர்களுக்கென விதிக்கப்பட்ட ஒரு சோடிப் பறவை.

அங்கே இருவர் காத்திருந்தனர். சிமியோன் என்பவர் முதியவர் என்று லூக்கா எழுதவில்லை. நாமே ஓவியங்களைப் பார்த்து அவருக்கு நரைத்த தாடியை வைத்துவிட்டோம். இரட்சகரைக் காணுமுன் சாவதில்லை என்று அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது என்பதே உள்ளது. அன்னாள் முதியவள்தான், ஏழாண்டு இல்லறம் நடத்திக் கைம்பெண்ணானவள், எண்பத்து நான்கு என்னும் எண் அவளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவளது வயது அதுவா, கைம்மையின் ஆண்டுகள் அத்தனையா என்பது மூலத்தில் இருவகைக்கும் இடந்தரும். கி. மு. 63இல் பொம்பேயு எருசலேமைப் பிடித்துத் தேவாலயத்தின் உள்ளறைக்குள் நுழைந்தபோது, எவ்வாறு கணக்கிட்டாலும் அவள் சிறுமியல்லள்.

அன்று அவ்விருவர் கண்டது என்ன? நாற்பது நாட் குழந்தை ஒன்று. அதற்குப் பேச்சு வரவில்லை, தலை நிற்கவில்லை. வெளியிலே உரோமருடைய ஆதிக்கம் அப்படியே இருந்தது. எருசலேமின் மீட்பை எதிர்நோக்கியிருந்தவர்களிடமெல்லாம் அன்னாள் அக்குழந்தையைப் பற்றிப் பேசினாள். அந்த எருசலேமோ கி. பி. 70இல் தீத்துவின் படையினால் இடிக்கப்பட்டது. சிமியோனும் இன்சொல் மாத்திரம் சொல்லவில்லை. உன் உள்ளத்தையும் வாள் ஊடுருவும் என்னுங் கருத்துப்படத் தாயிடமே கூறினார். அப்படியிருந்தும், தாம் காண வேண்டியதைக் கண்டுவிட்டதாகவும், இனி அமைதியோடு போகலாம் என்றும் அவர் தேவனைத் துதித்தார்.

பின்னர் அந்தக் குடும்பம் நாசரேத்துக்குத் திரும்பிற்று. எரிந்துபோன செப்போரிஸை ஏரோதின் மகன் அந்திப்பா மறுபடியும் கட்டுவித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அயலூரிலே யோசேப்பும் அவர் வீட்டுப் பிள்ளையும் தச்சுத்தொழில் செய்துவந்தனர். இயேசு தம் பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா சொல்கிறார். நாசரேத்துக்குத் திரும்பியதற்கும் அதற்கும் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றுள், பன்னிரண்டாம் வயதிலே பாஸ்காப் பண்டிகைக்குப் போனதைத் தவிர, அவர் வேறொன்றும் எழுதவில்லை.